பெற்ற பிள்ளையே கை ஓங்கும்போது: அம்மாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளை அடித்த காயத்துக்கு அம்மாக்கள் சொல்லும் காரணங்கள் இந்தக் காவிரி டெல்டா முழுக்க ஒன்றுபோலவே இருக்கின்றன. கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்தேன், மாடு முட்டிவிட்டது, நிலைப்படி இடித்தது. புருஷன் அடித்தால்கூட அக்கம்பக்கத்தில் ஒருத்தியிடமாவது சொல்லி அழலாம். பத்து வயதுப் பையன் கடித்த பல் தடத்தை யாரிடம் காட்டுவது? காட்டினால் முதலில் வரும் கேள்வி, "நீ என்ன லட்சணத்துல வளர்த்தே?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள். என் மகன் இப்போது வளர்ந்த ஆள், அவன் கதையைச் சொல்லும் உரிமை அவனுக்குத்தான். அதனால் அதை விட்டுவிட்டு, செய்யவேண்டியவற்றை மட்டும் செய்யவேண்டிய வரிசையில் சொல்கிறேன். பையன் என்று எழுதினாலும் பெண் பிள்ளைக்கும் இதே வழிதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் அடிக்கும், கடிக்கும், பொருளைத் தூக்கி எறியும். பேச்சு வளர வளர அது தானாகக் குறையும். ஏழெட்டு வயதாகியும் குறையாமல் கூடிக்கொண்டே போகிறதா, அடித்தால் காயம் படுகிறதா, வீட்டில் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறீர்களா? அப்படியானால் மேலே படியுங்கள்.

முதல் படி: இன்று ராத்திரிக்கான பாதுகாப்பு

மனசைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். இறவாணத்தில் செருகிய அரிவாள், அடுப்படி அரிவாள்மனை, களைக்கொத்தி, தேங்காய் உரிக்கும் பாரை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். சம்பாவுக்கு அடித்து மீந்த பூச்சிமருந்து பாட்டில் வீட்டுக்குள் இருக்கவே கூடாது. கோபத்தில் இருக்கும் பிள்ளை அதை உங்கள் மேல் ஊற்றுவதைவிடத் தானே குடித்துவிடும் ஆபத்துதான் பெரிது. அவனுக்குக் கொடுக்கும் மாத்திரையும் பூட்டுக்குள் இருக்கட்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு அறையாவது வேண்டும். சின்னக் குழந்தை இருந்தால், எந்த வீட்டுக்கு ஓடவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

அவன் வெறிகொண்டு நிற்கும்போது அவனை அறையை விட்டு இழுக்கப் பார்க்காதீர்கள். மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கதவுக்கு அருகில் நில்லுங்கள். புத்திமதி, மிரட்டல், அழுகை மூன்றும் அந்த நேரத்தில் காதில் ஏறாது. "நான் அடிக்கமாட்டேன். நீ அமைதியானதும் பேசலாம்." இவ்வளவு போதும், குரலை உயர்த்தாமல்.

முடியைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பக்கம் இழுக்காதீர்கள். அவன் கையின் மேல் உங்கள் கையை வைத்து உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். வலி குறையும், பிடியும் தளரும். கடித்துக்கொண்டிருந்தால் கையைப் பிடுங்கினால் சதை கிழியும். மெல்ல அவன் வாய்ப்பக்கமாகவே அழுத்தினால் வாயைத் திறந்துவிடுவான். கத்தி, கிணறு, வாய்க்கால், ரோடு என்று உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய அவனைப் பிடித்து அமுக்கவேண்டாம். அப்படிப் பிடிக்க நேர்ந்தாலும் குப்புறப்போட்டு முதுகில் ஏறுவது, மார்பில் உட்காருவது இரண்டும் கூடவே கூடாது. மூச்சு நின்றுவிடும். கை மீறிப் போனால் அவசர உதவிக்கு 112, காயம் பட்டால் ஆம்புலன்ஸுக்கு 108.

இரண்டாம் படி: மனசில் இருப்பதைப் பிரித்துப் பார்ப்பது

ஒரு மணி நேரத்துக்கு முன் உங்களை உதைத்த பிள்ளை, ஒன்றுமே நடக்காததுபோல வந்து மடியில் தலை வைத்துப் படுப்பான். உங்கள் கை அவன் முடியைக் கோதும், உடம்பு கூசும். கெண்டை மீனில் முள் எடுத்து அவனுக்கு வைத்துக்கொண்டே, "இவன் பிறக்காமலே இருந்திருந்தால்" என்று ஒரு நினைப்பு ஓடும். அடுத்த நொடி, சே, நானெல்லாம் ஒரு அம்மாவா என்று நெஞ்சு அடைக்கும்.

இந்த நினைப்பு வந்த முதல் அம்மா நீங்கள் இல்லை. டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வும் செய்தவர், 1949-லேயே இதைப் பகிரங்கமாக எழுதினார். சாதாரணக் கைக்குழந்தையிடம்கூட அம்மாவுக்கு வெறுப்பு வர எத்தனையோ காரணங்கள் உண்டு என்று வரிசையாக அடுக்கினார். அந்த வெறுப்பைத் தாங்கிக்கொண்டு, அதைக் குழந்தையின் மேல் காட்டாமல் இருப்பதுதான் தாய் செய்யும் காரியம் என்பது அவர் கருத்து. சாதாரணக் குழந்தைக்கே இப்படியென்றால், உதைவாங்கும் அம்மாவுக்கு வெறுப்பும் பயமும் வராமல் இருந்தால்தான் அதிசயம். பாசம் ஒரு பக்கம் இருக்கும்போதே பயம் இன்னொரு பக்கம் இருக்கலாம். ஒன்று பொய்யாகி மற்றது நிஜமாகவேண்டும் என்பதில்லை.

குற்றவுணர்வைச் சும்மா சுமக்காமல் ஒரு தாளில் எழுதிப் பிரியுங்கள். முதலாவது, ஊர் ஏற்றிவிட்டது: வேலைக்குப் போனதால் கெட்டான், ஒத்தப்பிள்ளை என்று செல்லம் கொடுத்துக் கெடுத்தாய், கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாய். இதை அப்படியே கிழித்துப் போடலாம். 1940-களிலும் 50-களிலும், ஆட்டிசம் (பிறரோடு பேசிப் பழகுவதில் சிறுவயதிலேயே தெரியும் வளர்ச்சிக் குறைபாடு) அம்மாவின் பாசக்குறைவால் வருகிறது என்று பெரிய பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா, அது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று எழுதி அந்த எண்ணத்தை ஆட்டங்காண வைத்தார். அதற்குள் எத்தனை அம்மாக்கள் செய்யாத தப்புக்குக் கூனிக்குறுகி நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இரண்டாவது, உங்கள் கையில் இல்லாதது: பிறவிக் குணம், பரம்பரை, வலிப்பு, பிரசவச் சிக்கல், அவன் அப்பாவின் குடி. மூன்றாவது, நிஜமாகவே உங்கள் பங்கு: நீங்களும் விளக்குமாற்றால் அடித்தது, அவன் முன்னால் நடந்த சண்டைகள். அடித்து வளர்த்தால் பிள்ளையிடம் முரட்டுத்தனம் கூடுமே தவிரக் குறையாது, இதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த மூன்றாவதில் இருப்பதைத்தான் இன்றிலிருந்து மாற்ற முடியும். அதற்கு வேண்டியது ஒரு முடிவு. குற்றவுணர்வு அதற்கும் தேவையில்லை. குற்றவுணர்வு உண்மையில் செய்கிற வேலை வேறு. காயத்தை மறைக்கவைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடவைக்கும், அவன் கேட்டதையெல்லாம் கொடுக்கவைக்கும். மூன்றுமே அவனுக்குக் கெடுதல்.

"இவனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்ற எண்ணம் வந்தால் மட்டும் காத்திருக்கவே காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். அன்றைக்கு யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நாற்பது பக்க நோட்டு

மருத்துவரிடம் போய் "எப்பப் பார்த்தாலும் அடிக்கிறான் சார்" என்றால் அவரால் ஒன்றும் பிடிக்க முடியாது. இரண்டு வாரம் எழுதுங்கள்: எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், எவ்வளவு நேரம், அதன்பின் வீட்டில் யார் என்ன செய்தார்கள். உதாரணமாக: "திங்கள், மாலை 5. ஸ்கூலில் மதியம் சாப்பிடவில்லை. தங்கச்சி டிவி மாற்றினாள். ரிமோட்டால் அவள் தலையில் அடித்தான். 20 நிமிடம். அப்பாயி வந்து செல்போன் கொடுத்ததும் அடங்கினான்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். விஷயமே பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

எழுத வராது என்றால் மொபைலில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவன் வெறியில் இருக்கும்போது எடுத்த சிறு வீடியோவும் மருத்துவருக்கு உதவும். ஆனால் அதைச் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நாளைக்கு அவனும் பெரியவனாகி அதைப் பார்ப்பான்.

நான்காம் படி: உடம்பைப் பார்த்துவிட்டு மனசைப் பார்ப்பது

பேச்சு வராத பிள்ளைக்குச் சொத்தைப்பல், காதுவலி, மலச்சிக்கல் எதுவாக இருந்தாலும் அடியாகத்தான் வெளியே வரும். தூக்கமின்மை, வலிப்பு, கண்பார்வைக் குறை, காது கேளாமை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று ஒரு மாதத்தில் பிள்ளை மாறிப்போனால் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று போதை: உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலம், கஞ்சா, மாத்திரை. இன்னொன்று, யாராவது அவனிடம் தவறாக நடந்துகொண்டிருப்பது. இரண்டாவதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098-ல் உதவி உண்டு.

போக இடம் இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே 1997-ல் திருச்சியில்தான். இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மயிலாடுதுறைக்காரர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். பதினெட்டு வயது வரை, வளர்ச்சிக் குறைபாடு சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பச் சொல்லலாம். நடவு, அறுப்பு சமயத்தில் கூலியை விட்டுவிட்டுப் போவது கஷ்டம்தான், தெரியும். எந்தக் கிழமை எந்த மருத்துவர் என்பதை முதல் தடவையே கேட்டு எழுதிக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

மருத்துவர் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு), அறிவுசார் குறைபாடு, மனச்சோர்வு, நடத்தைக் கோளாறு என்று ஏதாவது ஒரு பெயர் சொல்லலாம். அது அவன் தலையெழுத்து கிடையாது. எந்த உதவி வேண்டும் என்பதற்கான வழி. மாத்திரை கொடுத்தால் எதற்காக, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு என்று மூன்றையும் கேளுங்கள். ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் சினத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் பசியைக் கூட்டி உடம்பைப் பெருக்கவைக்கும். அதனால் எடையையும் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்கவேண்டும். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை சூட்டைத் தணிக்கும், பழக்கத்தை மாற்றாது. அதற்கு அடுத்த படி.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் மாற்றவேண்டியது

என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான பகுதி இதுதான்.

ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், முரட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நடப்பதை நேரிலேயே கவனிக்கவைத்து ஆராய்ந்தார். அவர் கண்டதை நம் வீட்டு பாஷையில் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் போன் கேட்கிறான். அம்மா இல்லை என்கிறாள். கத்துகிறான். அம்மாவும் கத்துகிறாள். தட்டை எறிகிறான். தங்கச்சியை அடிக்கிறான். அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிறது. "இந்தா, எடுத்துத் தொலை." வீடு அமைதியாகிவிடுகிறது. அவன் கற்றுக்கொண்டது: தட்டை எறிகிற வரைக்கும் போனால் கிடைக்கும். அம்மா கற்றுக்கொண்டது: கொடுத்துவிட்டால் நிற்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை, இரண்டு பேருமே பாடம் படித்துவிட்டார்கள். வன்முறை இப்படித்தான் வேர்பிடிக்கிறது.

அதை அவிழ்க்க, முதலில் அடிபிடி இல்லாத நேரத்தைப் பிடியுங்கள். அவன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரும் அவனிடம் பேசுவதில்லை, எழுப்பிவிடாதே என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த நேரத்தில்தான் பக்கத்தில் போய் உட்காரவேண்டும். "தங்கச்சி டிவி மாத்தினப்ப நீ ஒண்ணும் சொல்லலையே, நல்ல பையன்" என்று நடந்த காரியத்தைக் குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுங்கள், உடனே, அதே நிமிடத்தில். தினமும் கால் மணி நேரம் அவன் இஷ்டப்படி ஏதாவது செய்யுங்கள். புத்திமதி இல்லாமல். உதைத்தவனிடம் போய்க் கொஞ்சுவதற்கு மனசு வராது. வராவிட்டாலும் செய்யுங்கள், இதை ஒரு மருந்தாக நினைத்துக்கொண்டு. பாசம் பொங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

அப்புறம் விதி. பத்து விதி வேண்டாம். "இந்த வீட்டில் யாரும் யாரையும் அடிப்பதில்லை" என்ற ஒன்று போதும், அது உங்களுக்கும் அவன் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். மீறினால் என்ன என்பதை அவன் அமைதியாக இருக்கும்போது சொல்லிவைக்கவேண்டும்: அன்று மாலை போன் கிடையாது, உடைத்ததைக் கூட்டி அள்ளவேண்டும். சிறியதாக, அன்றே முடிந்துவிடுவதாக, தவறாமல் நடப்பதாக இருக்கட்டும். சாப்பாட்டை நிறுத்துவது, இருட்டறையில் பூட்டுவது, "ஹாஸ்டலில் விட்டுவிடுவேன்" என்பது மூன்றும் கூடாது.

இங்கேதான் பெரும்பாலான வீடுகள் தோற்றுப்போகின்றன: கொடுப்பதை நிறுத்தியதும் அடி குறையாது, கூடும். இதுவரை அரைமணி நேரத்தில் கிடைத்தது ஏன் கிடைக்கவில்லை என்று ஒருமணி நேரம் பார்ப்பான். அந்த ஒருமணி நேரத்தின் கடைசியில் அப்பாயி போனைக் கொடுத்தால், இனிமேல் ஒருமணி நேரம் அடிக்கவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ஆகவே வீட்டில் இருக்கும் எல்லோரையும் முன்பே உட்காரவைத்துப் பேசுங்கள். "அத்தே, ரெண்டு மாசம் நீங்க கொடுக்காம இருங்க, அவனுக்காகத்தான்" என்று சொல்லுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் அப்பா வீடியோ காலில் "வந்தேன்னா தோலை உரிச்சிடுவேன்" என்று மிரட்டுவதும் நிற்கவேண்டும். அவர் வரப்போவதில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். அதற்குப் பதில் வாரம் ஒருநாள் அவனோடு மட்டும், புகார் எதுவும் பேசாமல், பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்ய உங்கள் உயிருக்குப் பாதுகாப்பு இருக்கவேண்டும். பதினைந்து வயதுப் பையன் கத்தியோடு நிற்கும்போது விதியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கொடுத்துவிட்டு வெளியே போங்கள். முதல் படிதான் எப்போதும் முதல்.

ஆறாம் படி: உறவும் கோயிலும்

எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். அம்மா வீட்டில் ஒரு அக்காவோ, சித்தியோ. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் "ஏன் இப்படி வளர்த்தே" என்று தொடங்காத ஆளாக இருக்கவேண்டும். மற்றவர்களுக்கு ஒரே பதில் போதும்: "டாக்டர்கிட்ட பார்க்கிறோம்."

குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனநலம் வேண்டிக் குடும்பத்தோடு வந்து தங்குவது காவிரிக்கரையில் நெடுநாள் வழக்கம். நாகூர் தர்காவுக்கும் போகிறார்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சுமையை இறக்கிவைக்க ஒரு இடம் வேண்டும். ஒரு மண்டலம் தங்கினாலும் மாத்திரை நிற்கக்கூடாது, பிள்ளையைக் கட்டிப்போடக்கூடாது. இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்கிறது.

ஏழாம் படி: அடிவாங்கும் இன்னொரு பிள்ளை

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். "அண்ணன் பாவம், நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்று அந்தச் சின்னவளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். இனி சொல்லவேண்டாம். அவள் அடிபட்டால் முதலில் அவளைத் தூக்குங்கள், அவனைச் சமாதானம் செய்வது அப்புறம். அண்ணன் மேல் கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு பொழுது அவளுக்கு மட்டும் கொடுங்கள்.

எட்டாம் படி: பள்ளி, காவல் நிலையம்

"டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்று பள்ளியில் சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. உடல்ரீதியாகத் தண்டிக்கவும் கூடாது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரைப் பள்ளிக்கு வரச்சொல்லிக் கேளுங்கள். உங்கள் நோட்டின் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அவரும் பயந்துபோய்த்தான் இருப்பார்.

போலீஸைக் கூப்பிடுவதைத் துரோகமாக நினைத்து எத்தனையோ அம்மாக்கள் ரத்தம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது குற்றமே இல்லை. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், செய்தது புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். பதினெட்டுக்குக் கீழ் யாரையும் லாக்கப்பில் வைக்கக்கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்தவேண்டும். பதினாறு தாண்டியவன் கொடுங்குற்றம் செய்தால் மட்டும் விதி மாறலாம். ஸ்டேஷனில், "இவனுக்கு மனநல சிகிச்சை நடக்கிறது" என்று சொல்லி மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

அடிப்பது அவன் அப்பாவிடமிருந்து கற்றது என்றால், அப்பாவை நிறுத்தாமல் பிள்ளையை நிறுத்த முடியாது. அதற்குப் பெண்கள் உதவி எண் 181.

ஒன்பதாம் படி: வெளியே தங்கவைப்பது

எல்லாம் செய்தும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத நிலை சிலருக்கு வரும். கொஞ்ச காலம் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு வெட்கப்படாதீர்கள். சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது, நீங்களோ நீங்கள் அனுப்பும் ஆளோ கூடவே தங்கவேண்டும். ஆகவே வீட்டில் யார் சமைப்பது, மாட்டை யார் பார்ப்பது என்பதை முன்பே பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

நீண்ட நாள் இல்லம் என்றால் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் படியுங்கள். கழிப்பறையையும் அடுப்படியையும் பாருங்கள். வெறி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "கொஞ்ச நேரம் கட்டிவைப்போம்" என்று பதில் வந்தால் பிள்ளையைத் திரும்ப அழைத்துவந்துவிடுங்கள். சேர்த்த பிறகு முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை, சொல்லாமல் போங்கள். குளிப்பாட்டும் சாக்கில் மணிக்கட்டு, கணுக்கால், முதுகு மூன்றையும் பாருங்கள். தழும்பு இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு, பதினெட்டுக்குக் கீழ் என்றால் அன்றே 1098-க்குச் சொல்லுங்கள். எந்த வயதானாலும் அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீதை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.